கதவோரத்து நாற்காலி: மனக்காயம் அறிந்த சட்டக் கல்வி என்றால் என்ன?

மலேசியாவில், கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வியாழக்கிழமை மாலை நான் எடுக்கும் சட்ட வகுப்பு. பாதிப் பேர் வேலை முடிந்து நேராக எல்ஆர்டி ரயில் பிடித்து வருகிறவர்கள். சிலர் கையில் பிரிக்காத நாசி லெமாக் பொட்டலம். அன்றைய பாடம் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம். பாலியல் வழக்குகளில் புகார் கொடுத்தவரை எதுவரை குறுக்கு விசாரணை செய்யலாம் என்பது பற்றி. வழக்கம்போல் ஒரு தீர்ப்பை எடுத்து, நடந்த சம்பவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு மாணவியை எழுப்பி, "நீங்கதான் குற்றம் சாட்டப்பட்டவரோட லாயர். இந்தப் பொண்ணுகிட்ட முதல் கேள்வி என்ன கேட்பீங்க?" என்றேன். (வகுப்பு நடப்பது ஆங்கிலத்தில்தான். கதை சொல்ல வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்.)

எழுந்து நின்றாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "சாரி மேடம்" என்றவள் பையைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாள். படிக்காமல் வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கேட்டேன்.

சில வருடங்கள் ஆகிவிட்டன. அப்படி நினைத்துக்கொண்டது இன்னும் உறுத்துகிறது. காரணம் என்னவென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தோண்டித் துருவாமல் விட்டது சரிதான் என்று இப்போது தெரியும். அன்று நான் கேட்காததற்குக் காரணம் அந்த அறிவு இல்லை. என்ன செய்வதென்றே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததில் அறிமுகமானதுதான் இந்தக் கருத்து. ஆங்கிலத்தில் 'ட்ராமா இன்ஃபார்ம்ட்' என்கிறார்கள். நான் 'மனக்காயம் அறிந்த' என்று வைத்துக்கொள்கிறேன். வேறு நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் மனக்காயம் என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு விபத்தோ, அடியோ, வருடக்கணக்கில் வீட்டுக்குள் நடந்த கொடுமையோ ஒருவரின் தாங்கும் சக்தியை மீறி விழுகிறது. சம்பவம் முடிந்துவிடுகிறது, ஆனால் அவர் உடம்புக்குள் அது முடிவதில்லை. கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடும். ஒரு வாசனை போதும், பத்து வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். நம் வீடுகளில் இதை அறியாமல் இல்லை. "அன்னைக்குப் பயந்தவதான், அதுக்கப்புறம் பேச்சே குறைஞ்சு போச்சு" என்று பாட்டிமார் சொல்வார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். பெயர்தான் வேறு.

அமெரிக்காவின் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை, 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய குழந்தைப்பருவத் துன்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். அடி, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் குடி, பெற்றோர் பிரிவு இப்படி. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஒன்றாவது நடந்திருப்பதாகச் சொன்னார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நம் ஊருக்கு அப்படியே பொருத்தக்கூடாது. ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் யாருக்கும் எதுவும் நடந்திருக்காது என்று எதை வைத்து நம்புவது? சட்டக்காரர்கள் பாணியில் சொன்னால், நிரூபிக்கும் பொறுப்பு அப்படி நம்புகிறவர் தலையில்தான்.

அமெரிக்க அரசின் மனநலத் துறை அமைப்பான சாம்சா 2014இல் வெளியிட்ட விளக்கம் இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் ஒன்று. மனக்காயம் எவ்வளவு பரவலானது என்று ஒரு நிறுவனம் உணர வேண்டும், அதன் அடையாளங்களைக் கண்டுகொள்ள வேண்டும், அதற்கேற்பத் தன் நடைமுறையை மாற்ற வேண்டும், ஏற்கெனவே காயப்பட்டவரை மறுபடியும் காயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கில் கடைசியைத்தான் நாங்கள், சட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள், அதிகம் மீறுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். வாத்தியார் எல்லாரும் கவுன்சிலர் ஆக வேண்டுமா? வேண்டாம். ஆகக் கூடாது என்பதே என் கட்சி. எல்ஆர்டி ஸ்டேஷனில் தரை துடைத்தால் மஞ்சள் பலகை வைக்கிறார்கள். யாருக்கு இடுப்பில் பழைய முறிவு இருக்கிறது என்று ஒவ்வொருவராக விசாரித்துவிட்டு வைப்பதில்லை. வழுக்கும் என்று தெரியும், வைக்கிறார்கள். அதேபோல, யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாமலே எல்லோருக்கும் பாதுகாப்பாக வகுப்பை அமைப்பதுதான் விஷயம். சிகிச்சை கொடுப்பது வேறு ஆட்களின் வேலை.

மற்ற படிப்புகளைவிடச் சட்டத்துக்கு இது ஏன் முக்கியம்? எங்கள் பாடப்புத்தகமே அடுத்தவர் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களால் ஆனது. கொலை, கற்பழிப்பு, குழந்தையைப் பறிகொடுத்த விபத்து, மணமுறிவு. அவற்றைச் சம்பவம், சட்டப்பிரச்சினை, தீர்ப்பு என்று கூறுபோட்டு, பாதிக்கப்பட்டவரை 'அரசுத்தரப்பு முதல் சாட்சி' ஆக்கிவிடுகிறோம். இதன் மேல், ஆளை எழுப்பி நிறுத்திக் கேள்வியாகக் கேட்டு மடக்கும் முறை வேறு. வழக்குகளை வைத்து இப்படிக் கற்பிப்பதை 1870இல் ஹார்வர்டில் லாங்டெல் தொடங்கிவைத்தார். முறை மோசம் என்று சொல்லவில்லை, சிந்திக்க வைக்கும். ஆனால் எல்லார் முன்னிலையிலும் தலைகுனிய வைப்பதுதான் பயிற்சி என்று நம்மில் பலர் அதைத் தவறாகக் கற்றுக்கொண்டோம். என்னையும் சேர்த்துத்தான்.

2016இல் சாரா காட்ஸ், டீயா ஹால்டர் என்ற இரண்டு அமெரிக்கச் சட்ட ஆசிரியர்கள், மனக்காயம் அறிந்த வழக்கறிஞர் பணியை எப்படிக் கற்பிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். காயத்தை அடையாளம் காண்பது, கட்சிக்காரரோடு பழகும் விதத்தை மாற்றிக்கொள்வது, வழக்கு நடத்தும் உத்தியை மாற்றியமைப்பது, லாயர் தன்னைக் காத்துக்கொள்வது என்று நான்கு அடையாளங்களை அதில் சொல்கிறார்கள். மூன்றாவதில் கொஞ்சம் நிற்கிறேன். இது வெறும் நல்ல மனசு சமாச்சாரம் இல்லை, தொழில் திறமை என்பது அதில்தான் தெரியும்.

சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவைச் சட்ட மாணவர் எவரும் மறக்க மாட்டார். சாட்சி முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரணைக் காட்டி அவருடைய நம்பகத்தன்மையை உடைக்கலாம். இதைப் படித்து முடிக்கும்போது 'முரண் என்றால் பொய்' என்று மண்டையில் பதிந்துவிடுகிறது. ஆனால் பயத்தின் உச்சியில் இருக்கும் மூளை, சிசிடிவி மாதிரி நேரம் போட்டு வரிசையாகப் பதிவதில்லை. மின்விசிறியின் கடகட சத்தம் நினைவிருக்கும், மணி என்னவென்று இருக்காது. அவன் சட்டைப் பொத்தான் நினைவிருக்கும், கதவு பூட்டியிருந்ததா என்பது நழுவிவிடும். போலீஸில் சொன்னபோது விட்டுப்போனது ஆறு மாதம் கழித்துப் பேருந்தில் போகும்போது திடீரென்று வரும். "ஏன் கத்தவில்லை?" என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். பலருக்கு அந்த நேரம் உடம்பு கல்லாய் உறைந்துபோகும், கத்துவது கையில் இல்லை.

அதற்காக முரண்பட்டுப் பேசுகிறவர் எல்லாம் உண்மை விளம்பிகள் என்று ஆகிவிடாது. முரண் பொய்யாலும் வரும், காயத்தாலும் வரும், நம் எல்லோருக்கும் இருக்கும் சாதாரண மறதியாலும் வரும். எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தானே லாயர்? மூன்றில் ஒன்றை மட்டும் தெரிந்த லாயர் அரைகுறை லாயர்.

இதிலிருந்து ஒரு நேரடிப் பயிற்சி வருகிறது. சட்ட உதவி மையத்தில் கட்சிக்காரரைச் சந்திக்கும் மாணவர் வழக்கமாக, "முதல்லேர்ந்து வரிசையா சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். வரிசை கலைந்தவரிடம் வரிசை கேட்டால் அவர் தடுமாறுவார். தடுமாறினால் நமக்குச் சந்தேகம் வரும். அதற்குப் பதில், "எது ஞாபகம் வருதோ அங்கேர்ந்து சொல்லுங்க. நடுவுல நிறுத்தணும்னா நிறுத்திக்கலாம். நான் எழுதிக்கிறது உங்க கேஸுக்கு மட்டும்தான்" என்று சொல்லிப் பாருங்கள். வரிசையை நாம் பிறகு கட்டிக்கொள்ளலாம்: போன் பதிவு, கிளினிக் ரசீது, டச் அண்ட் கோ பயண அட்டைக் கணக்கு. இப்படி எடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் இன்னும் உறுதியாக நிற்கும் என்பது என் அனுபவம்.

வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டுச் சட்டமே இந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டது, வகுப்பறைதான் பின்னால் நிற்கிறது. கற்பழிப்பு வழக்கில் புகார்தாரரின் பழைய பாலுறவு வாழ்க்கையைக் கிளறுவதற்குச் சாட்சியச் சட்டத்தின் 146ஏ பிரிவு கட்டுப்பாடு போடுகிறது. 2007ஆம் ஆண்டு குழந்தைச் சாட்சிகள் சட்டத்தின்படி, குழந்தை திரைக்குப் பின்னாலிருந்தோ, வேறு அறையிலிருந்து நேரலை வழியாகவோ சாட்சி சொல்லலாம். 2017இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தனிச் சட்டமும், புத்ராஜெயாவில் தனி நீதிமன்றமும் வந்தன. அதே ஆண்டில் திருத்தப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டத்தில், சமூகநல அதிகாரியே 7 நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்க வழி செய்தார்கள். இவற்றை 'பிரிவு எண் இன்னது' என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறோமே தவிர, ஏன் இப்படி எழுதினார்கள் என்று கேட்கச் சொல்வதில்லை. அந்த 'ஏன்'தான் இந்தக் கட்டுரையின் பாடம்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். வேறு வழிகளும் உண்டு.

பருவம் தொடங்கும்போதே எந்த வாரம் எந்த மாதிரி வழக்கு வரும் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி போட்டுவிடுகிறேன். 'வாரம் 7: பாலியல் குற்ற வழக்குகள், சம்பவ விவரம் இருக்கும்.' அவ்வளவுதான், பெரிய எச்சரிக்கை மணி எல்லாம் இல்லை. எச்சரிக்கை வாசகம் மட்டும் துயரத்தைக் குறைப்பதில்லை, முன்கூட்டிய பதற்றத்தைக் கூட்டவும் கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே வாசகத்தை நான் மருந்தாக நினைப்பதில்லை, மழை அறிவிப்பு போலத்தான். எப்போது வரும் என்று தெரிந்தால் குடை எடுத்துக்கொண்டு வரலாம்.

அடுத்தது, தேர்ந்தெடுக்கும் வசதி. குறுக்கு விசாரணைப் பயிற்சியில் யார் எந்தப் பாத்திரம் என்று நான் விரல் நீட்டுவதில்லை. மூன்று வேலை வைப்பேன்: கேள்வி கேட்பது, ஆட்சேபணை எழுப்புவது, கேள்விகளை எழுத்தில் தயாரிப்பது. அவரவர் எடுத்துக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம். பாடத்தை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பரீட்சையில் அந்தக் கேள்வி வரும். போய்ச் சேரும் வழி மட்டும் மூன்று. கதவோரமாக ஒரு நாற்காலியை எப்போதும் காலியாக வைக்கிறேன். எழுந்து போகத் தோன்றுகிறவர் முன்கூட்டியே அங்கே உட்காரலாம்; போனாலும் வந்தாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

சட்டத்தை விளக்கத் தேவையில்லாத விவரங்களை வாசிப்பதையும் நிறுத்திவிட்டேன். 146ஏ புரிவதற்கு காயங்களின் பட்டியல் எதற்கு? முன்பு வாசித்தது வகுப்பு தூங்காமல் இருக்க என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் சீனியர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். "ஜாலான் டூத்தா கோர்ட்டுல ஜட்ஜ் உனக்குப் பாடத்திட்டம் குடுப்பாராம்மா? இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தா பிள்ளைங்க எப்படித் தாங்கும்?" நியாயமான கேள்வி. தாங்க வேண்டும், உண்மைதான். ஆனால் சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார் முதல் நாளே மாணவன் மண்டையில் கம்பை இறக்குவதில்லை. கால் வைப்பு, பிறகு வீச்சு, பிறகுதான் எதிராளி. கனமான வழக்கைத் தாங்கப் பழக்குவதும் அப்படித்தான். பழக்கப்படுத்தாமல் தள்ளிவிட்டால் நீந்தக் கற்றவர்கள் கொஞ்சம் பேர், தண்ணீரைக் கண்டாலே ஓடுகிறவர்கள் கொஞ்சம் பேர். சீனியர் காலத்தில் தொழிலை விட்டு ஓடியவர்களை யாரும் எண்ணவில்லை.

நம் சமூகத்துக்கென்று சில விஷயங்கள் தனியாக உண்டு. 2009 ஜனவரியில் போலீஸ் காவலில் இறந்துபோன ஏ. குகனை எடுத்துக்கொள்ளுங்கள். 2013இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், அவர் தாயார் தொடுத்த சிவில் வழக்கில் போலீஸ் தரப்பையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி இழப்பீடு வழங்கியது. சட்டப்படி அது, தீங்கு செய்தவரிடம் இழப்பீடு கேட்கும் தீங்கியல் பாடத்தில் வரும் ஒரு வழக்கு. தமிழ் மாணவர் ஒருவருக்கோ, குகன் உடலின் படங்கள் சொந்தக்காரர் கைபேசியில் சுற்றிய நாட்கள் ஞாபகம் வரும். லாக்கப்பில் ஓர் இரவு இருந்துவிட்டு வந்த மாமா ஞாபகம் வருவார். அந்த வழக்கை விட்டுவிடச் சொல்லவில்லை, கட்டாயம் கற்பிக்க வேண்டும். ஆனால் இந்திய முகத்தைத் தேடிப் பார்த்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு சமூகத்தின் சார்பில் பேச யாரும் அங்கே ஃபீஸ் கட்டி வரவில்லை.

இன்னொன்று மொழிபெயர்ப்பு. வழக்கறிஞராகும் முன் சேம்பரிங் என்ற தொழிற்பயிற்சி செய்யும் ஒன்பது மாதத்தில் பயிற்சி வழக்கறிஞர்கள் சட்ட உதவி வேலைக்கும் போகிறார்கள். தமிழ் மட்டும் பேசும் ஒரு அம்மா வந்தால் உடனே தமிழ் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் மொழிபெயர்க்கிறவர் "நான்" என்றுதான் பேச வேண்டும்: "என்னை அடித்தார்", "என் குழந்தையை இழுத்துக்கொண்டு போனார்". அடுத்தவர் துயரத்தைத் தன் வாயால், தன்மை ஒருமையில், ஒரு நாளில் நாலு முறை சொல்வது என்ன செய்யும் என்று யோசியுங்கள். அந்த அம்மா அப்படியே தன் பெரியம்மா மாதிரி இருந்தால் இன்னும் மோசம். போகும்போது அந்த அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான்மா எனக்குச் சாமி" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பாரத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போகும். தமிழ் தெரிந்த காரணத்தால் ஒருவர் தலையிலேயே எல்லாம் விழாமல் முறை வைத்துப் பிரித்துக்கொடுப்பது மேற்பார்வையாளர் கடமை.

இப்படிக் கேட்டுக்கேட்டு ஏற்படும் பாதிப்புக்கும் ஒரு பெயர் உண்டு: வழிவந்த காயம். 1990இல் மெக்கான், பெர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை விவரித்தார்கள். அது ஆசிரியருக்கும் வரும் என்பதைத்தான் பல கல்லூரிகள் மறந்துவிடுகின்றன. ஒரே தீர்ப்பை வருடத்துக்கு மூன்று வகுப்புக்கு வாசிக்கிறோம். வகுப்பு முடிந்து, "மேடம், ஒரு நிமிஷம்" என்று நிற்கும் மாணவரின் கதையைக் கேட்கிறோம். அதற்குப் பிறகு நாற்பது விடைத்தாள் திருத்துகிறோம்.

சட்டக்காரர்களுக்குச் சட்டத்தைக் காட்டினால்தான் உறைக்கும் என்பதால் ஒரு வழக்கு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், பாலியல் குற்ற வழக்குகளை மட்டும் கவனிக்கும் அரசு வழக்குப் பிரிவில் வேலை பார்த்தவர் ஸாகி கொசரோவ் என்ற பெண் வழக்கறிஞர். வருடக்கணக்கில் அந்தக் கோப்புகளையே பார்த்து மனநலம் கெட்டது. அறிகுறிகள் தெரிந்தும் மேலிடம் தக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்று வழக்குப் போட்டார். 2022இல் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் நோக்கப் பிரிவில், பணிச்சூழல் தொழிலாளர்களின் உளவியல் தேவைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. லாயர் ஆபீஸ்களும் கல்லூரிகளும் வானத்தில் இல்லை.

மாணவர் வந்து மனம் திறந்தால் ஆசிரியர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கேளுங்கள். "உண்மையா?" என்று விசாரிக்காதீர்கள், அந்தப் புத்தி நமக்கு உடனே வந்துவிடும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள்; உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: வன்முறை, துன்புறுத்தல் என்றால் தாலியான் காசே 15999, மனநல உதவிக்கு ஹீல் 15555. தற்கொலை எண்ணம் பற்றிப் பேசினால் போலீஸ் கேஸாகிவிடுமோ என்று இன்னும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் படிக்கும் பிள்ளைகளிலேயே சிலருக்கு இது தெரியவில்லை.

என்னைப் பார்த்துக்கொள்வதற்கு நான் கண்டுபிடித்தது ரொம்பச் சாதாரணமான ஏற்பாடு. ஏழாவது வார வகுப்பு முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. குற்றவியல் எடுக்கும் அக்கா ஒருவரும் அதே நாளில்தான் முடிப்பார். இருவரும் பக்கத்து மாமாக் கடையில் உட்காருவோம். ஒரு நிபந்தனை உண்டு: கேட்பவரிடம் அனுமதி வாங்காமல் எந்த வழக்குக் கதையையும் பிரிக்கக் கூடாது, பிரித்தாலும் ரத்த விவரம் கூடாது. தே தாரிக் வந்ததும் அக்கா கேட்பார், "இன்னைக்குக் கனமா, லேசா?"

லேசு என்றால் ஆளுக்கொரு ரொட்டி சானாய். போன வாரம் கனம். அக்கா கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார், நான் பேச ஆரம்பித்தேன்.